போகிறவரும் இருக்கிறவரும்

புண்ணியம் தேடிப் போவது யாத்திரை, பொழுது போக்கப் போவது சுற்றுலா என்று பிரித்துவிடுவது எளிது. வடசென்னையிலிருந்து புறப்பட்ட பயணங்களையும், அங்கே வழங்கும் கதைகளையும் எடுத்து வைத்துப் பார்த்தால் இந்தப் பிரிவினை நிற்பதில்லை. கடற்கரை, மலை, நகரம் என்று ஆற அமர ஊர் பார்த்து வருவதற்குச் சமயம் இடம் தருகிறதா, தருமானால் எந்த நிபந்தனையோடு தருகிறது என்பதே கேள்வி. பிரான்சுக்கு இரண்டு வாரம் போய்வரத் திட்டமிடும் இன்றைய தண்டையார்பேட்டைக் குடும்பத்துக்கும் இது பொருந்தும். அதே தண்டையார்பேட்டையிலிருந்து 1830-இல் காசிக்குக் கிளம்பிய ஏனுகுல வீராசாமிக்கும் பொருந்தும்.

வீராசாமி சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர், தெலுங்கர். ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே உள்ள தண்டையார்பேட்டையில் அவருக்குத் தோட்ட வீடு இருந்தது. 1830 மே 18 அன்று அங்கிருந்து புறப்பட்டு 1831 செப்டம்பர் 3 அன்று ஊர் திரும்பினார். உறவினர், பணியாட்கள், பல்லக்குப் போயிகள் என்று ஏறக்குறைய நூறு பேர் உடன் போனார்கள். திருப்பதி, கடப்பை வழியாக நல்லமலைக் காட்டைக் கடந்து ஸ்ரீசைலம், பிறகு ஐதராபாத், நாகபுரி, பிரயாகை, காசி, கயை, கங்கையில் படகு, கல்கத்தா, திரும்பும்போது பூரியிலிருந்து விசாகப்பட்டினம், நெல்லூர் என்று கரையோரமாகவே சென்னை. மலையும் நகரமும் கடலும் அந்த ஒரே பயணத்தில் அடங்கிவிட்டன. வழியில் கண்டதையெல்லாம் நண்பர் கோமளேசுவரபுரம் சீனிவாச பிள்ளைக்குக் கடிதங்களாக எழுதி வந்தார். அவர் இறந்த பின் 1838-இல் அவை ‘காசியாத்ர சரித்ர’ என்று தெலுங்கில் அச்சேறின.

அந்த நூலில் பக்தியும் வேடிக்கை பார்ப்பதும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்வதில்லை. ஒரு தங்கலைப் பற்றி எழுதினால் அங்குள்ள கோயில் வரும். கூடவே அடுத்த ஊர் எத்தனை மைல், வழி கல்லா மணலா, அரிசி பருப்புக் கடை உண்டா, தண்ணீர் எப்படி என்பதும் வரும். கயையில் பிதிர்க்கடன் செய்தவரேதான் கல்கத்தாவைப் பட்டணவாசியின் கண்ணோடு அளந்து பார்க்கிறார். இதில் எது யாத்திரை, எது உல்லாசம் என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை. பிரிக்க வேண்டும் என்று தோன்றியதற்கும் அடையாளம் இல்லை. பிற்காலத்தார்தான் இதைப் ‘பயண இலக்கியம்’ என்று ஒரு பக்கமும் ‘தீர்த்த மகிமை’ என்று இன்னொரு பக்கமும் வைத்துப் படிக்கிறார்கள்.

இப்படிப் போனவர் வீராசாமி மட்டும் அல்ல. பிரெஞ்சு எழுத்தாளர் மோன்தேன் 1580 ஜூனில் வீட்டை விட்டுக் கிளம்பி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து வழியாக இத்தாலி போய், 1581 நவம்பரில் திரும்பினார். சிறுநீரகக் கல்லுக்கு ஊர் ஊராக வெந்நீரூற்றில் குளிப்பது ஒரு காரணம். புது ஊர் பார்க்கும் ஆசை அதைவிடப் பெரிய காரணம். உடன் வந்தவர்கள் ரோமுக்கு விரைய நினைக்க, அவரோ பக்கத்து ஊர், அதற்கடுத்த ஊர் என்று இழுத்துக்கொண்டே போனார். ஆனாலும் லொரேத்தோ மாதா கோயிலுக்குப் போய், மாதாவின் திருமுன் தானும் மனைவியும் மகளும் இருக்கும் வெள்ளி உருவங்களைக் காணிக்கையாக வைத்தார். சந்தேகவாதி என்று பெயரெடுத்த மனிதர் அவர். இன்பப் பயணத்தின் நடுவே அந்தக் காணிக்கை அவருக்கு இடறலாகப் படவில்லை.

ஆகவே இன்பம் குற்றம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து வருவது சுகம் பற்றிய ஆட்சேபம். நடந்து போனால் முழுப் பலன், வாகனத்தில் போனால் குறைந்த பலன் என்று பழைய தீர்த்த நூல்களே கணக்குப் போட்டிருக்கின்றன. பல்லக்கில் போன வீராசாமியே இந்தக் கணக்கில் தேறுவது கடினம். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அது. பிறகு பாதைகள் நீண்டு, வாரக்கணக்கில் நடந்த வழிகள் சில மணி நேரமாகச் சுருங்கின. யாத்திரையின் கடுமையே அதன் சாரம் என்றால், ராயபுரம் நிலையத்தோடு யாத்திரை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ரயில் வந்த பிறகு திருத்தலங்களில் கூட்டம் பெருகியது.

ரயில் யாரைச் சேர்த்துக்கொண்டது என்பதைப் பிரான்சில் உள்ள லூர்து நகரில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். பிரனீஸ் மலையடிவாரத்தில் இருக்கும் அந்தச் சிற்றூரில் 1858-இல் பெர்னதெத் என்ற சிறுமி மாதாவைக் கண்டதாகச் சொன்னாள். 1866-இல் ரயில் வந்தது. அதன் பின் நோயாளிகளைப் படுக்கையோடு ஏற்றிக்கொண்டு யாத்திரை ரயில்கள் வரத் தொடங்கின. வாதம் வந்தவருக்கும் கால் முடங்கியவருக்கும் நடைபயணத்தின் புண்ணியத்தைப் போதிப்பதில் பொருள் இல்லை. சுகமான வாகனம் கால் வலுத்தவனின் பலனைக் குறைக்கலாம். ஆனால் படுத்துக் கிடந்தவனைக் கோயில் வாசலில் கொண்டுவந்து சேர்ப்பதும் அதே வாகனம்தான். பழைய கணக்கு இந்த இரண்டாவது மனிதனை எண்ணவே இல்லை.

இன்று தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் பிரான்சுப் பயணம் என்று யோசித்தால் லூர்து அதில் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பாரிஸில் இரண்டு நாள். ஐந்து மணி நேரம் போல ரயில். லூர்தில் இரவு மெழுகுவர்த்திப் பவனி. பிறகு மத்தியதரைக் கடல் பக்கம் இறங்கி நீஸ் அல்லது மார்செய். மார்செய் துறைமுகத்துக்கு மேலே குன்றின் உச்சியில் நிற்கும் மாதா கோயிலின் உட்கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல் உருவங்கள் தொங்குகின்றன. கடலில் பிழைத்து வந்தவர்கள் செலுத்திய நேர்த்திக்கடன்கள். ராயபுரத்திலிருந்து போகிறவருக்கு இது அந்நியமான காட்சியாக இருக்க நியாயமில்லை. சென்னையில் துறைமுகம் கட்டப்படும் முன் அலைக்கு நடுவே கப்பல் சரக்கை மசூலாப் படகில் கரை சேர்த்தவர்களின் சமூகம் எழுப்பியதுதான் ராயபுரத்தின் தூய இராயப்பர் ஆலயம். பாரிஸிலும் லா ஷப்பேல் பக்கம் போனால் ஈழத்தமிழர் நடத்தும் மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் தேர் வரும்போது தெருவில் சிதறு தேங்காய் உடைகிறது. சுற்றுலாவாகத் தொடங்கியது எந்தத் திருப்பத்தில் யாத்திரையாக மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. லூர்துக்குப் போக முடியாதவர்களுக்கு 1870களில் புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே வில்லியனூரில் லூர்து மாதா கோயில் எழும்பியது. காசிமேட்டிலும் ராயபுரத்திலும் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறவர்கள் இருக்கிறார்கள். இவற்றில் ஒன்று மற்றதைப் பொய்யாக்குவதில்லை.

ஆக, சுகமும் தடை இல்லை என்றால் எதுதான் தடை? இஸ்லாம் இதற்கு நேரடியாகவே பதில் வைத்திருக்கிறது. ஹஜ் எல்லார் மீதும் கட்டாயம் இல்லை. இயன்றவர் மீது மட்டும். இயல்வது என்றால் உடல் வலுவும் வழிச்செலவும் மட்டுமா? வாங்கிய கடன் தீர்ந்திருக்க வேண்டும்; போய்த் திரும்பும் வரை வீட்டில் தன்னை நம்பி இருப்பவர்களின் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வழி செய்திருக்க வேண்டும். அதே சமயம் ஹஜ்ஜின்போது வியாபாரம் செய்து பொருள் தேடுவது குற்றமில்லை என்று குர்ஆனே அனுமதிக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போகும் வழியில் லாபமோ மகிழ்ச்சியோ வந்து சேர்ந்தால் அது பொருட்டல்ல. பின்னால் விட்டுவிட்டுப் போனது எந்த நிலையில் கிடக்கிறது என்பதே பொருட்டு. சட்ட நூல்களில் காணும் இந்த நிதானம் பக்தி இலக்கியத்தில் அவ்வளவாக இல்லை.

விந்தை என்னவென்றால், பிரான்சுக்கு ஷெங்கன் விசா கேட்கப் போனால் அங்கும் ஏறக்குறைய இதே கேள்விதான் எழுகிறது. நாள் வாரியாக எங்கே தங்குவது, வங்கிக் கணக்கில் எவ்வளவு, திரும்பும் டிக்கெட் உண்டா, வேலை செய்யும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம் எங்கே. விண்ணப்பதாரர் திரும்பி வருவாரா என்று தெரிந்துகொள்ளவே இத்தனை காகிதம்; ஊரில் அவரைக் கட்டிப்போடும் குடும்பமும் வேலையும் இருந்தால் விசா எளிது. வாசல் விட்டு வெளியே போக, வீட்டோடு கட்டுண்டவர் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. வீராசாமியும் கோர்ட்டில் விடுப்பு வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார். தூதரகம் தன் நாட்டுக்காகக் கேட்பதை ஹஜ் சட்டம் வீட்டில் இருப்பவருக்காகக் கேட்கிறது. திட்டமிடுதல் என்றாலே பக்திக்கு ஆகாது, போகிற போக்கில் போவதுதான் உயர்ந்தது என்று பேசுகிறவர்கள் உண்டு. யாரோ ஒருவர் வீட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருப்பதால்தான் அவர்களால் போகிற போக்கில் போக முடிகிறது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இருக்கிறவர் யார் என்று பார்க்க எண்ணூர் ஒன்றே போதும். கம்பெனி காலத்தில் சென்னைத் துரைமார்களுக்கு எண்ணூர்க் கழிமுகம் ஓய்விடம். 1806-இல் பேசில் காக்ரேன் வெட்டிய கால்வாய் சென்னையை எண்ணூரோடு இணைக்க, படகில் சாய்ந்தபடியே போய்ச் சேர வழி பிறந்தது. காற்று வாங்க வந்தவர்கள் போன பின் அனல்மின் நிலையம் வந்தது, 2001-இல் துறைமுகம் வந்தது, கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் வந்தது. அங்குள்ள மீனவருக்கும் ‘விடுமுறை’ என்று ஒன்று உண்டு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, 61 நாள். படகைக் கரையேற்றி மரத்தை இழைப்பதும் வலையைக் கோர்ப்பதும் கடன்காரருக்குப் பதில் சொல்வதுமாக அது கழியும். வேலை இல்லாத நாள் ஓய்வு நாளாகிவிடாது. திரும்பி வரும்போது வேலை காத்திருக்கும் என்ற நிச்சயம் உள்ளவருக்கே ஆற அமரப் பயணம் போகும் மனம் வாய்க்கிறது.

இவ்வளவும் புறத்தே நின்று கேட்டவை. பயணமே எதற்கு என்று அடியோடு கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். இறைவன் எங்கும் இருப்பவன் என்றால் நடந்து போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்று சித்தர்கள் கேலி செய்தார்கள். அப்பர் கதை அந்தக் கேலிக்கு இரங்கிய வடிவம். கயிலையைக் கண்டே தீர்வேன் என்று வடக்கே போனவர், கால் தேய்ந்து, பிறகு மார்பாலும் ஊர்ந்து, உடம்பு சிதைந்த நிலையில் ஒரு தடாகத்தில் மூழ்கும்படி பணிக்கப்பட்டு, திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். அங்கே களிறும் பிடியும் சேவலும் பேடுமாக வந்த இணைகளில் கயிலைக் காட்சி கிடைத்தது. ஆடி அமாவாசையில் திருவையாற்றில் இதை விழாவாகக் கொண்டாடுகிறார்கள். மலை அவருக்குச் சோழ நாட்டு ஊருக்குள்ளேயே கிடைத்தது என்பது உண்மைதான். ஆனால் நடந்து நடந்து உடம்பு தேய்ந்திராவிட்டால் கிடைத்திருக்குமா என்ற கேள்வியைக் கதை விட்டுவிடுவதில்லை. போயிருக்கவே வேண்டாம் என்று அப்பரிடம் யாரும் சொல்லவில்லை; போதும் என்றுதான் சொன்னார்கள். வள்ளலார் இன்னொரு வகை. ஏழுகிணற்று வீராசாமிப் பிள்ளைத் தெருவில் வளர்ந்தவர், திருவொற்றியூர் தியாகராசரையும் வடிவுடையம்மனையும் காண அடிக்கடி நடந்தே போய்வந்தார். ஒரே வழி, ஒரே கோயில். 1858-இல் சென்னையை விட்டுச் சிதம்பரம் பக்கம் போகும் வரை அந்தச் சில மைல்களே அவருக்குத் தீர்த்த யாத்திரை. புதிய ஊர் பார்ப்பதில் ஏதோ ஞானம் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இவரிடம் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கும்.

மரபு வகுத்த வேறொரு விதியும் உண்டு: துறவி ஓரிடத்தில் தங்கக் கூடாது, இல்லறத்தான் வீட்டை விட்டுத் திரியக் கூடாது. துறவிக்கும் மழைக்காலச் சாதுர்மாஸ்யத்தில் மட்டும் ஓரிடம் உண்டு. விடுமுறைப் பயணி இந்த இரண்டு பட்டியலிலும் சேராதவர். சில நாளைக்குத் துறவியின் சுதந்திரத்தை இரவல் வாங்குகிற இல்லறத்தான். வாங்கியதைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பதே இதில் கண்ணியம். திருவொற்றியூர்க் கடற்கரையில் சமாதி கொண்ட பட்டினத்தாரிடம் இரவலுக்கு இடமே இல்லை. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர், கடல் வாணிபம், ஒரு காதற்ற ஊசியில் அத்தனையும் விட்டவர். பேய்க்கரும்பின் நுனி எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கே முடிவு என்று கையில் கரும்போடு ஊர் ஊராகத் திரிந்தார். திருவொற்றியூரில் இனித்தது என்பது ஐதிகம். திருவிடைமருதூரில் அவர் சீடர் பத்திரகிரியார் மேலைக் கோபுர வாசலில் இருந்தார். மன்னராக இருந்து துறந்தவர். மிச்சம் இருந்தது ஒரு பிச்சை ஓடும், கூடவே திரிந்த ஒரு நாயும். பிச்சை கேட்டு வந்தவரிடம் பட்டினத்தார், அந்த வாசலில் ஒரு குடும்பஸ்தன் இருக்கிறான், அவனிடம் கேள் என்று கைகாட்டிவிட்டார். விமானத்தில் 23 கிலோ போதாமல் எடை மேடையில் பெட்டியைத் திறந்து மாற்றி அடுக்கும் காலத்துக்கு இது சற்றுக் கடுமையான அளவுகோல்தான். மூட்டையின் எடையைப் பட்டினத்தார் கேட்கவில்லை. ‘என்னுடையது’ என்று ஒன்று மிச்சமிருக்கிறதா என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு யாரும் சுற்றுலா போக முடியாது. அது சுற்றுலாவுக்கான கேள்வியும் அல்ல.

சுற்றுலாவுக்கான கேள்வியைத் திருவொற்றியூர் வேறொருவர் மூலம் எழுப்புகிறது. சுந்தரர் திருவாரூரில் பரவையாரை மணந்திருந்தார். பிறகு திருவொற்றியூர்க் கோயிலில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியாரைக் கண்டு மனம் பறிகொடுத்தார். ஞாயிறு என்ற ஊரில் பிறந்தவர் சங்கிலியார். பரவையிடம் போய்விட மாட்டாரா என்பதே அவருடைய அச்சம். அதற்கு மருந்து, ஒற்றியூரை விட்டுப் பிரிய மாட்டேன் என்ற சத்தியம். சுந்தரர் அங்கேயும் முன்யோசனையோடு திட்டமிட்டார்: சன்னதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் இறைவன் அங்கே இராமல் மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மூலவர் இல்லாத சன்னதியில் சத்தியம் செய்தால் கட்டுப்பாடு குறைவு என்பது கணக்கு. இறைவன் சரி என்றார். சங்கிலியார் கனவில் போய், சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கிக்கொள் என்றும் சொல்லிவிட்டார். சுந்தரருக்கு வேறு வழியில்லை. மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை என்று இந்தச் சத்தியம் இன்றும் அங்கே கொண்டாடப்படுகிறது.

சுந்தரர் பிறகு அந்தச் சத்தியத்தை மீறினார்; ஏன் என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் காரணம் கவனிக்கத்தக்கது. தென்றல் வீசியது, வசந்தம் வந்தது, திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வந்தது, அங்கே பரவையார் ஆடுவதும் பாடுவதும் நினைவுக்கு வந்தன. பக்தியும் பருவகால ஆசையும் ஒரே மூச்சில் கிளம்புகின்றன. எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. கோடை விடுமுறை வந்தால் ஊர் நினைவு வருவதும் இந்த வகைதான். திருவாரூர்ப் பெருமானைக் காணப் போகிறார் என்பதால் சலுகை கிடைக்கவில்லை. ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. திருவெண்பாக்கத்தில், கோயிலுக்குள் இருக்கிறீரா என்று கேட்டவருக்கு இறைவன் கொடுத்தது ஓர் ஊன்றுகோல் மட்டும். அந்த ஊர் இப்போது இல்லை. 1944-இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்தில் மூழ்கிப்போய், கோயிலை மட்டும் பூண்டியில் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். திருவாலங்காடு கடந்து காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. வலக்கண் திருவாரூர் போய்ச் சேர்ந்த பிறகு.

தண்டனை பயணத்துக்கு விழவில்லை என்பது வழியிலேயே தெரிகிறது. பாதை தடுக்கப்படவில்லை, திருவாரூர் மறுக்கப்படவில்லை, வசந்த விழாவில் மகிழ்ந்தது பாவம் என்று யாரும் சொல்லவில்லை. தண்டனை எல்லைக் கல்லருகே, ஒருவரிடம் கொடுத்த வாக்கைத் தாண்டிய இடத்தில் விழுந்தது. பார்க்கத்தான் போகிறோம் என்று கிளம்புகிறவரிடமிருந்து பார்வையையே எடுத்துக்கொள்வது தண்டனைகளில் துல்லியமானது. ஆனாலும் பெரியபுராணத்தின் இரக்கம் முழுவதும் குருடான பயணியின் பக்கமே போகிறது. அவர் பாடுகிறார், ஊர் ஊராகக் கேட்கிறார், கண்கள் திரும்புகின்றன. கோபித்த பரவையாரைச் சமாதானம் செய்ய இறைவனே இரண்டு முறை தூது போகிறார். சங்கிலியாரிடம் யாரும் தூது போகவில்லை. சுந்தரர் எல்லை தாண்டிய பிறகு சங்கிலியாரைப் பற்றிய கதை நின்றுவிடுகிறது. சுந்தரர் வெள்ளை யானையில் கயிலை ஏறிய பின்பு, சங்கிலியாரும் அங்கே உமையின் தோழியாகத் தம் பழைய பணிக்குத் திரும்பியபோதுதான் சேக்கிழார் மறுபடி அவரைக் குறிப்பிடுகிறார்.